முதலில் வரும் பதிலை என்ன செய்வது?

"நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், அறிவியல் வரும், சொந்தமாக யோசிக்கச் சொன்னால் மட்டும் வராது." சிங்கப்பூரில் தீபாவளிக்கு நாலு வீடு போய்வந்தால் ஒரு வீட்டிலாவது இந்தப் பேச்சு எழுந்துவிடும். இதைச் சொல்பவர் பெரும்பாலும் தன் பிள்ளையை மூன்று பாடத்துக்கு டியூஷன் அனுப்புகிறவராகத்தான் இருப்பார், அது வேறு கதை. மனப்பாடம், தேர்வு, மறுபடி மனப்பாடம் என்று வளர்ந்த பிள்ளைக்குக் கற்பனை எங்கிருந்து வரும் என்பதுதான் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2024 ஜூனில் வெளியான ஒரு முடிவு இந்த வாதத்தோடு ஒத்துப்போகவில்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில், 2022ஆம் ஆண்டுச் சுற்றில், முதன்முறையாகப் படைப்பாற்றல் சிந்தனையையும் சோதித்தார்கள். ஒரே விஷயத்துக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட யோசனைகளைக் கேட்பது, இருக்கிற யோசனையை இன்னும் மெருகேற்றச் சொல்வது என்ற வகைக் கேள்விகள். 60 புள்ளிகளில் சிங்கப்பூர் மாணவர்களின் சராசரி 41. தேர்வை நடத்தும் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 33. முதலிடம் நமக்குத்தான். கற்பனைக்கும் ஒரு தேர்வு வைத்தால் அதற்கும் படித்துவிட்டு வந்து முதலில் நிற்பார்கள் என்று கிண்டலடிக்க இடமிருக்கிறது, நானும் அடித்தேன். இருந்தாலும், நிறையப் படித்தால் கற்பனை வறண்டுபோகும் என்ற கணக்கு தப்பு என்று காட்ட அது போதும்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொன்னால், மனதில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும் பதிலில். அதற்குப் போகும் முன் ஒரு புது யோசனை எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம்.

மீன் தலைக் கறியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளாவிலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949 வாக்கில் சோஃபியா சாலைப் பக்கம் நடத்திய உணவகத்தில் அது பிறந்ததாகச் சொல்வார்கள். சீன வாடிக்கையாளர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதை அவர் கவனித்தார். தென்னிந்தியக் குழம்பு அவருக்குக் கைவந்த கலை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டார், அவ்வளவுதான். மீனும் புளியும் மிளகாயும் தலையும் எல்லாம் அதற்கு முன்பே ஊரில் இருந்தவை. மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் இதே கதைதான்: மஞ்சள் நூடுல்ஸான மீ சீனருடையது, பெயர் மலாய், மசாலாவும் மிளகாயும் போட்டுப் பிரட்டியவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். யாரும் வெறுங்கையிலிருந்து எதையும் வரவழைக்கவில்லை. தூரத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்களைச் சந்திக்க வைத்தார்கள். 1962இல் சார்னாஃப் மெட்னிக் என்ற அமெரிக்க உளவியலாளர் படைப்பாற்றலை விளக்கியதும் ஏறக்குறைய இப்படித்தான்: ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் எண்ணங்களை ஒரு பயனுக்காக இணைப்பது, தொலைவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு புதுமை.

தமிழில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை, காளமேகப் புலவர் இருக்கிறார். 15ஆம் நூற்றாண்டுக்காரர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாட வேண்டும். "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்" என்று தொடங்குகிறார். பாம்பிடம் நஞ்சு இருக்கிறது, பழமோ நைந்து கனிந்திருக்கிறது. பாம்பு தன் தோலை உரிக்கிறது, பழத்தின் தோலை நாம் உரிக்கிறோம். சிவன் முடிமேல் பாம்பு கிடக்கிறது, அபிஷேகத்தில் பழமும் அங்கேதான் போகிறது. அடுத்த அடியில், பல் பட்டால் மீளாது என்கிறார். பாம்பு கடித்த உயிரும் திரும்பாது, நாம் கடித்த பழமும் திரும்பாது. பாம்பையும் செருப்பையும் சும்மா ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அதுவும் புதிதுதான், ஆனால் பொருந்தாது. புதிதாகவும் இருக்க வேண்டும், பொருந்தவும் வேண்டும். ஆய்வாளர்கள் படைப்பாற்றலுக்கு வைத்திருக்கும் அளவுகோலும் இந்த இரண்டுதான். வெறும் விசித்திரத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டியது, காளமேகத்தின் தலைக்குள் ஏற்கெனவே எவ்வளவு சரக்கு இருந்தது என்பது. யாப்பு, சொற்களின் பல பொருள்கள், கோயில் வழக்கம், புராணம் எல்லாம் கூப்பிட்டவுடன் வரும் நிலையில் இருந்தன. ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதையை மட்டும் ஆசையாகச் சொல்கிறோம். கும்பகோணத்தில் பதின்ம வயதில் அவர் கைக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் சுமார் 5,000 கணித முடிவுகளை, பெரும்பாலும் முழு நிரூபணம் இல்லாமல், வரிசையாக அடுக்கிய தேர்வுத் துணைநூல். இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு கைடு. அதில் உள்ளவற்றைச் சிலேட்டில் தானே போட்டுப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து, சரிபார்த்துக்கொண்டே போனார். கனவு வந்த தலையில் ஏற்கெனவே என்ன நிரம்பியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். ஆகவே மனப்பாடம் செய்வதே பாவம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்பாடும் திருக்குறளும் தலையில் இருப்பதால் யாருடைய கற்பனையும் கெட்டுப்போகாது. சரக்கு இல்லாத இடத்தில் எதை எதோடு இணைப்பது?

சரி, சரக்கு இருக்கிறது. பிறகு ஏன் எல்லாருக்கும் யோசனை வருவதில்லை? அந்தச் சரக்கே சில நேரம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால்தான்.

1942இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. நீங்களே செய்து பாருங்கள். மூன்று குடுவைகள்: 21, 127, 3 அளவு பிடிக்கும். 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரண்டு முறையும் ஊற்றி எடுத்துவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளாகவே வரிசையாகச் சிலவற்றைக் கொடுத்துப் போடச் சொன்னார். எல்லாரும் வேகம் பிடித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு கணக்கு: குடுவைகள் 23, 49, 3, வேண்டியது 20. பெரும்பாலானவர்கள் பழக்கப்படி 49ஐ நிரப்பி, 23ஐக் கழித்து, 3ஐ இரண்டு முறை கழித்து 20க்கு வந்து சேர்ந்தார்கள். சரியான விடைதான். ஆனால் 23லிருந்து ஒரு 3ஐ எடுத்தாலே 20 வந்துவிடுமே! முந்தைய கணக்குகளைப் பார்க்காமல் நேரடியாக இதற்கு வந்தவர்களுக்கு அது உடனே கண்ணில் பட்டது. பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கணக்குக்கு வரைபட முறையில் பெட்டி பெட்டியாகப் போட்டுப் பழகிய பிள்ளை, இரண்டு வரியில் முடிகிற கணக்குக்கும் பெட்டி போடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2008இல் மெரிம் பிலாலிச்சும் அவருடைய சகாக்களும் சதுரங்க வல்லுநர்களிடம் செய்த சோதனை. வெல்வதற்குப் பழக்கமான ஒரு வழியும், அதைவிடக் குறுகிய, அவ்வளவாகப் பழக்கமில்லாத இன்னொரு வழியும் உள்ள ஒரு பலகை நிலையைக் கொடுத்தார்கள். வல்லுநர்கள் பழக்கமான வழியைச் சட்டென்று கண்டுபிடித்தார்கள். இதைவிட நல்ல வழி இருக்கிறதா பாருங்கள் என்றதும், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றே சொன்னார்கள். அவர்களுடைய கண் அசைவைக் கருவி பதிவு செய்தபோது, பார்வை மறுபடி மறுபடி பழைய வழியைச் சேர்ந்த கட்டங்களுக்கே போய்க்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை அவர்கள். உண்மையிலேயே வேறு வழி தேடுவதாகத்தான் நினைத்தார்கள்.

உணவங்காடி நிலையத்தில் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து "சோப்" பண்ணிவிட்டு, அதாவது இடம் பிடித்துவிட்டு, மதிய உணவு வாங்கப் போகிறோமே, முதல் பதில் செய்வதும் அதுதான். ஆள் அங்கே இல்லை, ஆனால் இடம் போய்விட்டது. வேறு யோசனை வந்து உட்கார இடமில்லாமல் தட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். (மூக்கு துடைக்கிற காகிதத்தை இருக்கை முன்பதிவுச் சீட்டாக மாற்றிய ஊர், கற்பனையில்லாத ஊர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.)

முதல் பதிலோடு நின்றுவிடுவதற்கு இந்த ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை 1989இல் கொண்டுவந்து, கணினிகளைப் பேசவும் பாடவும் வைத்த கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிம் வோங் ஹூ. 2023 ஜனவரியில் காலமானார். நம் சாலை விதியை வைத்து அவர் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். அமெரிக்காவில் பொதுவாக, திரும்பக் கூடாது என்ற பலகை இல்லாத இடத்தில் வண்டியை யூ திருப்பம் போடலாம். சிங்கப்பூரில், திரும்பலாம் என்ற பலகை இருந்தால் மட்டுமே போடலாம். அனுமதி எழுதி வைக்காத எதையும் செய்யக் கூடாது என்று நாமே முடிவு செய்துகொள்ளும் மனநிலையை அவர் "நோ யூ-டர்ன் சிண்ட்ரோம்" என்றார். சாலைக்கு நம் விதிதான் நல்லது என்பது என் கட்சி, தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே விதியைக் கட்டுரை எழுதும்போதும் அலுவலகத்தில் ஒரு படிவத்தை மாற்றலாமா என்று யோசிக்கும்போதும் தலைக்குள் ஓட்டுகிறோம். முதல் பதில் பெரும்பாலும் ஏற்கெனவே அனுமதி பெற்ற பதில். பாதுகாப்பானது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எனவே பழக வேண்டிய முக்கியமான வேலை, முதல் பதில் வந்த பிறகும் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருப்பது. இது ஏதோ ஊக்கப் பேச்சு மாதிரி இருக்கிறது, ஆனால் சோதனை அடிப்படை உள்ள விஷயம். ஒரு செங்கல்லை என்னென்ன செய்யலாம் என்பது போன்ற கேள்விகளை உளவியலில் பரவலாக்கியவர் கில்ஃபோர்ட். 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரைக்குப் பிறகுதான் இந்தத் துறையே சூடு பிடித்தது. இந்த மாதிரி கேள்விகளுக்கு வரும் பதில்களை நேர வரிசைப்படி பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: ஆரம்பத்தில் வருபவை நிறைய, ஆனால் எல்லாரும் சொல்வது, நேரம் போகப் போக எண்ணிக்கை குறைகிறது, புதுமை கூடுகிறது. சுவர் கட்டலாம், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான், பொடித்துக் கோலத்துக்குச் செம்மண் நிறம் எடுக்கலாம் என்பது வரும். ஆனால் நம் உள்ளுணர்வு நேர்மாறாகச் சொல்கிறது. 2020இல் பிரையன் லூக்காஸும் லோரன் நார்ட்கிரனும் வெளியிட்ட ஆய்வில், நேரம் ஆக ஆகத் தங்கள் யோசனைகளின் தரம் குறைந்துகொண்டே போகும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் அப்படிக் குறையவில்லை. யோசனை வருவது கஷ்டமாகிவிட்டதை, யோசனை மோசமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். "இனி ஒன்றும் வராது" என்று தோன்றும் அந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பேனாவை மூடுகிறார்கள்.

என் அக்கா மகள் தொடக்கநிலை ஐந்து படிக்கிறாள். தமிழ்க் கட்டுரைக்குப் படம்: ஒரு குடும்பம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போகிறது. "கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்" என்று தொடங்கினாள். சிங்கப்பூரில் தமிழ் படித்த எவருக்கும் அந்தக் கதிரவனைத் தெரியும், முப்பது வருடமாக ஓய்வில்லாமல் பரப்பிக்கொண்டிருக்கிறான். இன்னொரு தொடக்கம் எழுதும்மா என்றேன். "'ஹையா! கடல்!' என்று தம்பி கத்தினான்" என்று எழுதினாள். பேச்சில் தொடங்கு என்பது டியூஷனில் சொல்லிக் கொடுத்த இரண்டாவது உத்தி, வரிசைப்படி வருகிறது. இன்னொன்று கேட்டபோது முகம் வாடிவிட்டது. "மாமா, இதுவே போதும், ஆசிரியர் மார்க் கொடுப்பாங்க" என்றாள். கொடுப்பார்தான், அதில் தப்பில்லை. போன தடவை நாம் போனபோது என்ன நடந்தது, அதை மட்டும் நினைத்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு எழுதினாள்: "நாங்கள் பதிவு செய்திருந்த பார்பெக்யூ குழியில் ஏற்கெனவே வேறு ஒரு குடும்பம் கோழி சுட்டுக்கொண்டிருந்தது." அந்த வரியில் சண்டை இருக்கிறது, அடுத்து என்ன என்ற கேள்வி இருக்கிறது, எந்த மாதிரிக் கட்டுரையிலும் இல்லாத ஒரு மாலை இருக்கிறது. அது அவளுக்குள் ஏற்கெனவே இருந்த சரக்குதான். கதிரவனும் தம்பியும் எழுந்து போன பிறகு அதற்கு இடம் கிடைத்தது.

நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டாததற்கும் ஒரு காரணம் உண்டு. கார்ல் டுங்கரின் மெழுகுவர்த்திச் சோதனை கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், பெட்டி நிறைய டிராயிங் பின், மெழுகு தரையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பின்களைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை வைப்பதுதான் வழி. பெட்டியைப் பின் வைக்கிற பாத்திரமாகவே பார்ப்பவர்களுக்கு அது தோன்றாது. 1962இல் சாம் கிளக்ஸ்பெர்க் ஒரு குழுவுக்குப் பரிசுப் பணம் அறிவித்து இதைச் செய்யச் சொன்னார். பணம் அறிவிக்கப்பட்டவர்கள், சராசரியாக மூன்று நிமிடத்துக்கும் மேல் அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். பின்களை வெளியே கொட்டி, பெட்டியைக் காலியாகவே கொடுத்தபோது, அதாவது வழி நேராகத் தெரிந்தபோது, பணம் வேலையை வேகப்படுத்தியது. பரிசு ஆளை முன்னால் பார்த்து ஓட வைக்கிறது. பக்கவாட்டில் பார்க்க வேண்டிய வேலைக்கு அது உதவுவதில்லை.

உட்கார்ந்தே இருந்தாலும் சில சமயம் வராது. அப்போது எழுந்து போவதும் வேலையின் ஒரு பகுதிதான், ஆனால் எப்போது எழுந்து போகிறோம் என்பது முக்கியம். பிரெஞ்சுக் கணித மேதை பொவான்கரே ஒரு சிக்கலோடு பதினைந்து நாள் மல்லுக்கட்டினார். பிறகு ஒரு பயணத்தில், பேருந்துப் படியில் கால் வைத்த நொடியில், வேறொரு துறையின் கணக்கோடு அதற்குள்ள தொடர்பு பளிச்சென்று தெரிந்ததாக எழுதியிருக்கிறார். பேருந்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், பதினைந்து நாளை விட்டுவிடுவார்கள். 2009இல் சியோவும் ஓர்மராடும் இந்த வகையில் வந்த 117 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சிக்கலை விட்டு விலகி இருப்பது உண்மையிலேயே உதவுகிறது என்றும், அதற்கு முன் அதோடு நீண்ட நேரம் போராடியிருந்தால் பலன் கூடுதல் என்றும் தெரிந்தது. தொடங்காமலே இடைவேளை எடுப்பதற்குப் பெயர் வேறு.

நடையும் நல்லது. ஸ்டான்ஃபோர்டில் ஓப்பெஸோவும் ஸ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்ததைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடின. ஓடும் இயந்திரத்தில் வெற்றுச் சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை. அதாவது நடந்துகொண்டே யோசனை சேர்க்கலாம், உட்கார்ந்துதான் அதில் நல்லதைப் பொறுக்க வேண்டும். நமக்குப் பூங்கா இணைப்புப் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு எதற்கோ: சுவா சூ காங்கில் எம்ஆர்டி ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கும்வரை கைப்பேசியை விட்டுத் தலை நிமிராதவர்கள்தான் பெட்டி முழுக்க. மனம் சும்மா அலைய இருந்த நேரத்தையெல்லாம் திரைக்கு வாடகைக்கு விட்டுவிட்டோம்.

மூளை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வியாபாரம் நடக்கிறது. வலது மூளைதான் கற்பனை, இடது மூளைதான் கணக்கு என்று சொல்லிப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு "வலது மூளைப் பயிற்சி" விற்கிறார்கள், கட்டணமும் கொஞ்சமில்லை. 2013இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைப் பார்த்தார்கள்; ஒருவர் இடது மூளைக்காரர், இன்னொருவர் வலது மூளைக்காரர் என்று பிரிக்க ஆதாரமே இல்லை. ரோஜர் பீட்டியின் குழு 2018இல் காட்டியது இன்னும் சுவாரசியம். மனம் அலையும்போது இயங்கும் வலைப்பின்னலும், கட்டுப்படுத்திக் கவனம் செலுத்தும்போது இயங்கும் வலைப்பின்னலும் பொதுவாக மாறி மாறித்தான் வேலை செய்யும். புதிய யோசனை அதிகம் தருபவர்களிடம் இவை சேர்ந்து இயங்குவது அதிகம். அலையவிடுவதும் இழுத்துப் பிடிப்பதும் ஒரே ஆளின் வேலை.

அலுவலகத்துக்கு வருவோம். ஒரு அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே, "எல்லாரும் மனதில் படுவதைச் சொல்லுங்கள்" என்று கேட்கும் கூட்டம் இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் பிரபலமாக்கிய முறை அது. 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்: நால்வர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, நால்வர் தனித்தனியாக எழுதியதைக் கூட்டினால் யோசனைகள் கிட்டத்தட்ட இரு மடங்கு. 1987இல் டீலும் ஸ்ட்ரோபாவும் காட்டிய முக்கியக் காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது இருக்கிற யோசனையும் போய்விடுகிறது. நம்மூர்க் கூட்டங்களில் இதோடு இன்னொன்றும் சேரும். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிடுவார். அப்புறம் மீதி ஏழு பேரும் அவர் சொன்னதற்கு அலங்காரம் செய்துகொண்டிருப்பார்கள். முதலில் பத்து நிமிடம் எல்லாரும் பேசாமல் தாளில் எழுதட்டும், பிறகு படிக்கட்டும், பெரியவர் கடைசியாகப் பேசட்டும். செலவில்லாத மாற்றம் இது, ஆனால் நான் பார்த்தவரை இதைச் செய்ய வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

தாளில் எழுதுவதில் இன்னொரு லாபம், வேண்டாம் என்று ஒதுக்கியதும் மிஞ்சும். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் யோசனை சிங்கப்பூரில் 1970களிலேயே இருந்தது; 1974இல் ஒரு முன்னோட்ட ஆலையும் அமைத்தார்கள். நீரை வடிகட்டும் அன்றைய சவ்வுகள் நம்பத்தக்கவையாக இல்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்கள். 1990களில் சவ்வுத் தொழில்நுட்பம் முன்னேறி விலையும் இறங்கியபோது, 1998இல் அந்த யோசனையை மறுபடி கையிலெடுத்தார்கள். 2000இல் பிடோக்கில் சோதனை ஆலை, 2003இல் "புதுநீர்" என்ற பெயரில் அந்த நீர் நாட்டுக்கு வந்தது. அதிலும் பாதி வேலைதான் பொறியியல். கழிவுநீர் என்ற பெயரையே பயன்படுத்திய நீர் என்று மாற்றியதும், 2002 தேசிய தின அணிவகுப்பில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் உட்படக் கூட்டமே புட்டியைத் திறந்து குடித்ததும் மீதிப் பாதி. யோசனை சரியாக இருந்து காலம் சரியில்லாமல் போனவை எவ்வளவோ. ஒதுக்கியதைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பவருக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு.

கடைசியாக, இப்போது எல்லார் கையிலும் இருக்கும் செயற்கை நுண்ணறிவு. கேள்வியைத் தட்டினால் மூன்று நொடியில் பத்து யோசனை. 2024இல் டோஷியும் ஹவுசரும் வெளியிட்ட ஆய்வில், சிறுகதை எழுதுபவர்களில் சிலருக்கு இயந்திரம் தரும் கதைக் கருக்களைப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். அவர்களுடைய கதைகளை வாசகர்கள் கூடுதல் சுவாரசியமானவை என்று மதிப்பிட்டார்கள், இயல்பில் அவ்வளவாகப் படைப்பாற்றல் இல்லாதவர்களுக்குப் பலன் அதிகம். ஆனால் அந்தக் கதைகளை மொத்தமாக வைத்துப் பார்த்தால் ஒன்றைப் போலவே ஒன்று இருந்தது. ஆளுக்கு லாபம், ஊருக்கு நட்டம். நியாயம்தான், இயந்திரம் தருவது ஊர் முழுக்க எழுதியதிலிருந்து எடுத்த முதல் பதில், அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கதிரவன் இப்போது மேகத்திலிருந்து இறங்கி வருகிறான், வேறொன்றுமில்லை.

அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். வரிசையைத்தான் மாற்றிக்கொண்டேன். முதலில் தாளில் என் பட்டியல், இனி ஒன்றும் வராது என்று தோன்றிய பிறகும் இன்னும் நாலைந்து வரி. அதற்கப்புறம் அதே கேள்வியை இயந்திரத்திடம் கேட்கிறேன். அது சொன்னதெல்லாம் என் பட்டியலில் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அடித்துவிடுகிறேன். பெரும்பாலும் மேல் பாதி முழுக்கப் போய்விடுகிறது. மிஞ்சுவதில் சிலது உளறல், சிலது பயன்படாது, ஒன்றிரண்டு உட்கார்ந்து பார்க்கத் தகுந்தது.